ரூட் கெனாலுக்கு முன் வாயில் ‘ரப்பர் அணை’ எதற்கு? பஞ்சு மட்டும் வைத்தால் போதாதா?

‘வாயை நல்லா திறங்க... நாக்கை இந்தப் பக்கம் கொண்டுவராதீங்க... துப்பிடாதீங்க, இதோ முடிஞ்சிடும்!’

பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருக்கும் பழக்கமான வசனம் இது. அந்த நேரத்தில் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது சொத்தையோடு மட்டுமல்ல, உங்கள் எச்சிலோடும்தான்.

சில டாக்டர்கள் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு உருளையைச் செருகிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். சிலர் பச்சை அல்லது நீல நிற ரப்பர் ஷீட் ஒன்றை எடுத்து, அதில் ஓட்டை போட்டு, ஒரே ஒரு பல் மட்டும் வெளியே எட்டிப்பார்க்கிற மாதிரி மொத்த வாயையும் மூடிவிடுவார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு ‘என்னடா இது, மூச்சு விட முடியுமா?’ என்றுதான் தோன்றும்.

இரண்டுமே ஒரே வேலைக்குத்தான். சிகிச்சை நடக்கும் பல்லை வாயின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாமல் வைத்திருப்பது. பல் மருத்துவத்தில் இதற்கு ‘ஐசோலேஷன்’ என்று பெயர். ஆனால், எந்தச் சிகிச்சைக்கு எந்தப் பொருள் என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. சிகிச்சை எத்தனை காலம் தாங்கும் என்பதிலிருந்து, அதன்போது உங்கள் தொண்டைக்குள் என்ன போகும் என்பதுவரை இதைப் பொறுத்தது.

வாய்க்குள் எத்தனை குழாய்கள்?

ஒரு நாளைக்கு நமக்குச் சுரக்கும் உமிழ்நீர் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை. தூங்கும்போது ஏறக்குறைய நின்றுவிடும். வாயில் எதையாவது வைத்தால் உடனே பெருகும். வைத்தது பிரியாணியா, டாக்டரின் கருவியா என்று சுரப்பிக்குத் தெரியாது. ஆக, வறட்சி தேவைப்படும் அதே நேரத்தில்தான் சுரப்பு அதிகமாகிறது.

மேல் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே, கன்னத்தின் உள்பக்கம் ஒரு திறப்பு இருக்கிறது. நாக்குக்கு அடியில், கீழ் முன்பற்களுக்குப் பின்னால் இன்னும் சில. பஞ்சு உருளையை டாக்டர் குறிப்பாக இந்த இடங்களில் வைப்பது அந்தக் குழாய்களை அடைப்பதற்குத்தான். கன்னத்தில் ஒட்டுகிற முக்கோண வடிவ அட்டையும் இருக்கிறது. அதுவும் கன்னத்துத் திறப்பை மூடத்தான்.

எச்சில் மட்டும் என்றால் பரவாயில்லை. ஈறிலிருந்து கசியும் ரத்தம், ஈறு இடுக்கில் ஊறும் திரவம், மூச்சுக்காற்றின் ஈரப்பதம், சும்மா இருக்கவே தெரியாத நாக்கு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

வெள்ளை ஃபில்லிங் வந்ததும் ஆட்டம் மாறியது

அப்பா, தாத்தா காலத்துப் பற்களில் வெள்ளி நிறத்தில் ஒரு ஃபில்லிங் பார்த்திருப்பீர்கள். ‘அமால்கம்’ என்கிற, பாதரசம் கலந்த உலோகக் கலவை அது. அதைக் குழிக்குள் அழுத்தி அடைப்பார்கள். குழியின் வடிவமே அதைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

இன்று பெரும்பாலானோர் கேட்பது பல்லின் நிறத்திலேயே இருக்கும் ‘காம்போசிட்’ ஃபில்லிங். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்தம் 2017-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, அமால்கமை உலகமே படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. காம்போசிட் அழகுதான். ஆனால், அது பல்லில் ஒட்ட வேண்டிய பொருள்.

ஒட்டுவது எப்படி? முதலில் சுமார் 37 சதவிகிதம் பாஸ்பாரிக் அமிலம் உள்ள ஜெல்லை எனாமல் மீது சில விநாடிகள் தடவிக் கழுவுவார்கள். காற்றடித்து உலர்த்தியதும் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே உருவாகியிருக்கும். பிசின் போன்ற திரவம் அந்தத் துளைகளுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகும். மரத்தின் வேர் மண்ணைப் பிடிப்பது மாதிரி பிடிக்கும்.

துளைகள் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டால் என்ன ஆகும்? எச்சிலில் உள்ள புரதங்கள் விநாடிகளில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, துளைகளை அடைத்துவிடும். ஈரமான சுவரில் செல்லோ டேப் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எச்சில் பட்டதை டாக்டர் கவனித்தால் கழுவி, மறுபடி தயார்செய்துவிட்டுத் தொடர்வார். கவனிக்காமல் விட்டால் ஃபில்லிங் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஓரத்தில் கசிவு, பழுப்புக் கோடு, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், அடியில் மறுபடியும் சொத்தை என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

ரூட் கெனாலில் பிரச்சினையே வேறு

ஃபில்லிங்கில் எதிரி ஈரம் என்றால், ரூட் கெனாலில் எதிரி கிருமி.

1965-ல் அமெரிக்காவில் காகேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எலிகளின் பல்லைத் துளைத்து உள்ளே இருக்கும் கூழ்ப்பகுதியை வாய்க்குத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் அந்தக் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில், உணவுத் துணுக்குகள் உள்ளே திணிந்திருந்தும் கூழ் உயிரோடு இருந்தது. காயமும் மூட ஆரம்பித்தது. வித்தியாசம் கிருமிகள் மட்டும்தான். வேர் சிகிச்சையின் மொத்தத் தர்க்கமும் இதில் அடங்கியிருக்கிறது.

ரூட் கெனால் என்பது வேருக்குள் இருக்கும் முடி போன்ற குழாய்களைச் சுத்தம்செய்து, கிருமி நீக்கி, அடைத்து மூடுவது. அந்தக் குழாய் திறந்திருக்கும்போது கிருமிகள் நிறைந்த எச்சில் உள்ளே வழிந்தால், ஒரு பக்கம் வீட்டைப் பெருக்கிக்கொண்டே இன்னொரு பக்கம் ரோட்டுப் புழுதிக்குக் கதவைத் திறந்துவைப்பதுபோலத்தான்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. என் கணக்கில் நோயாளிக்கு இவைதான் முக்கியம்.

ஒன்று, வேரைக் கழுவ ஊற்றும் திரவம். பெரும்பாலும் அது சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சில் இருக்கும் அதே ரசாயனம். சிகிச்சையில் 0.5 முதல் சுமார் 5 சதவிகிதம் வரையிலான செறிவில் பயன்படுத்துகிறார்கள். இறந்த திசுவைக் கரைப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால், உயிருள்ள திசுவையும் அது விட்டுவைக்காது. நாக்கிலோ தொண்டையிலோ பட்டால் குமட்டும் சுவையோடு எரிச்சலும் வரும். சில சமயம் புண்ணாகிவிடும்.

இரண்டு, ‘ஃபைல்’ எனும் கருவி. வேருக்குள் விட்டுச் சுரண்டும் ஊசி போன்றது. வழக்கமான நீளங்கள் 21, 25, 31 மில்லிமீட்டர். ஈரமான கையுறையிலிருந்து அது நழுவி நாக்கின் பின்பக்கம் விழ ஒரு நொடி போதும். நீங்களோ மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும்; அதுவரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டு பதற்றத்தோடு காத்திருக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் போனால் பிராங்கோஸ்கோப்பி செய்து எடுக்க வேண்டிய அவசர நிலை. அபூர்வம்தான். ஆனால், பல் மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட நிகழ்வுகள் திரும்பத் திரும்பப் பதிவாகின்றன. பஞ்சு உருளை எச்சிலை உறிஞ்சும். விழுகிற ஊசியைத் தடுக்காது.

அதனால்தான் அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கம், அறுவை சாராத எல்லா வேர் சிகிச்சைக்கும் ரப்பர் டேம் போடுவதைச் சிகிச்சைத் தரத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறது. ஐரோப்பியச் சங்கத்தின் வழிகாட்டுதலும் அப்படியே. ‘இருந்தால் நல்லது’ என்ற பட்டியலில் அவர்கள் இதை வைக்கவில்லை.

160 ஆண்டு பழைய ஐடியா

ரப்பர் டேமை 1864-ல் அறிமுகப்படுத்தியவர் சான்ஃபோர்ட் கிறிஸ்டி பார்னம் என்ற நியூயார்க் மாநில பல் மருத்துவர். எச்சிலோடு போராடிச் சலித்துப்போய், ஒரு ரப்பர் துண்டில் ஓட்டை போட்டுப் பல்லில் மாட்டிப் பார்த்தார். வேலை செய்தது. காப்புரிமை வாங்கிக் காசு பார்க்காமல், சக மருத்துவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார். ‘டேம்’ என்றால் அணைதான். மேட்டூரில் இருப்பது போன்ற அதே அர்த்தம். இங்கே தடுப்பது எச்சிலை.

செட்டில் இருப்பவை: ரப்பர் ஷீட், அதில் ஓட்டை போடும் பஞ்ச் கருவி, பல்லின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் உலோக கிளாம்ப், அதை மாட்டும் இடுக்கி, ஷீட்டை விரித்துப் பிடிக்கும் சட்டம். ஷீட் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது. கிளாம்ப்பை ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்துவார்கள். கிளாம்ப்பில் ஒரு நூல் கட்டித் தொங்குவதைக் கவனித்தால் சந்தோஷப்படுங்கள். கிளாம்ப் தெறித்துவிட்டால் தொண்டைக்குள் போகாமல் இழுத்தெடுக்கத்தான் அந்த நூல்.

ஷீட்டிலும் ரகங்கள் உண்டு. மெல்லியது 0.15 மில்லிமீட்டர், நடுத்தரம் 0.20, தடித்தது 0.25, அதற்கு மேலும் உண்டு. நெருக்கமான பல் இடுக்கில் மெல்லியது எளிதாக இறங்கும். ஆனால் சட்டென்று கிழியும். தடித்தது ஈறை நன்றாக ஒதுக்கிப் பிடிக்கும். ஆனால் இடுக்கில் இறக்கக் கை பழகியிருக்க வேண்டும், கிளாம்ப்பையும் பிடித்து இழுக்கும். ஒரே பல்லில் நடக்கும் ரூட் கெனாலுக்கு நடுத்தரமே பலரின் தேர்வு. நாலைந்து பற்களைச் சேர்த்துத் திறந்துவைத்து ஃபில்லிங் செய்ய வேண்டும் என்றால் தடித்தது. கடும் நிறங்களில் வருவதற்கும் காரணம் இருக்கிறது: பல் பளிச்சென்று தனித்துத் தெரியும். சிலவற்றில் புதினா வாசனைகூட உண்டு. யாருக்கு அது உண்மையிலேயே பிடிக்கிறது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது!

இயற்கை ரப்பர் நாள்பட்டால் வலுவிழக்கும். வெப்பம் அதை வேகப்படுத்தும். அதனால் சில கிளினிக்குகளில் ஷீட் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். நம் ஊர் மே மாதத்துக்கு அது அவசியமான பழக்கம்.

பலூன் ஊதினால் உதடு தடிக்குமா? முதலில் சொல்லிவிடுங்கள்

சாதாரண ஷீட், ரப்பர் மரத்துப் பாலில் இருந்து தயாராவது. குமரி மாவட்டத் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிறதே, அதே மரத்துப் பால். அதில் இருக்கும் சில புரதங்கள் ஒரு சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அரிப்பு, தடிப்பு, தும்மல் என்பதோடு நிற்கலாம். மூச்சுத்திணறல், உயிருக்கே ஆபத்தான ‘அனாஃபிலாக்ஸிஸ்’ வரையும் போகலாம்.

ரப்பர் கையுறை, பலூன், ஆணுறை எதையாவது தொட்டபின் அரிப்போ வீக்கமோ வந்திருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாழைப்பழம், கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் ஊறல் எடுக்கிறது என்றாலும் சொல்லுங்கள். இந்தப் பழங்களின் சில புரதங்களும் ரப்பர் பாலின் புரதங்களும் ஒரே சாயல் கொண்டவை. சிறுவயதிலிருந்து பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டவர்கள், தண்டுவடப் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள், ஆண்டுக்கணக்கில் ரப்பர் கையுறை போட்டு வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

முன்பு ரப்பர் கையுறைகளின் உள்ளே தூவும் சோளமாவுத் தூள், இந்தப் புரதங்களைச் சுமந்துகொண்டு காற்றில் பறந்தது. தூள் தூவிய கையுறைகளை 2017 ஜனவரியில் இருந்து அமெரிக்கா தடைசெய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாற்று இல்லாமல் இல்லை. லேடெக்ஸ் இல்லாத செயற்கை ஷீட்டுகள் கடையில் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல். இழுபடும் விதமும் சற்று வேறுபடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஷீட்டை மாற்றிவிட்டு, டாக்டரும் உதவியாளரும் லேடெக்ஸ் கையுறையோடு வாய்க்குள் கை வைத்தால் பிரயோஜனமில்லை. கையுறையும் மாற வேண்டும். வேலை முடிந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வாயைச் சுற்றித் தடிப்பு வந்தால் அது வேறு வகை. ரப்பர் தயாரிப்பில் சேர்க்கும் ரசாயனங்களால் வருவது. சில செயற்கைக் கையுறைகளிலும் அந்த ரசாயனங்கள் உண்டு. அதையும் டாக்டர் காதில் போட்டுவையுங்கள்.

பஞ்சு என்ன பாவம் செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. ஃப்ளூரைடு பூசுவதற்கும், கேப் ஒட்டுவதற்கும், சின்னச் சின்ன வேலைகளுக்கும் பஞ்சு உருளையும் உறிஞ்சு குழாயும் தாராளமாகப் போதும். அடம்பிடிக்கும் குழந்தையின் வாயில் கிளாம்ப் மாட்டப் போராடுவதைவிட, ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் ‘கிளாஸ் அயனோமர்’ ஃபில்லிங்கைப் பஞ்சு வைத்துச் சட்டென்று முடிப்பதே பல நேரம் புத்திசாலித்தனம்.

பஞ்சின் குறை, அது நிரம்பிவிடும். நிரம்பிய பஞ்சு ஈரத்தைத் தேக்கிவைக்கும் குளம் மாதிரி. நேரத்துக்கு மாற்ற ஆள் வேண்டும். தனியாக வேலை பார்க்கும் டாக்டருக்கு இது கஷ்டம். எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: காய்ந்த பஞ்சு கன்னத்தின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் தோல் உரிந்து, ரெண்டு நாள் சாம்பார் சாதம்கூட எரியும். எடுக்கும் முன் தண்ணீர் விட்டு நனைப்பது அதற்காகத்தான்.

உதட்டோரம் மாட்டியிருக்கும் உறிஞ்சு குழாயைப் பற்றி ஒரு விஷயம். பலரும் அதை ஸ்ட்ரா மாதிரி உதட்டால் இறுக்கி மூடிக்கொள்வார்கள். செய்யாதீர்கள். வாய்க்குள் அழுத்தம் குறைந்து, குழாயில் ஏற்கெனவே போன திரவம் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. அந்தக் குழாய் உங்களுக்கு முன்னால் வந்தவருக்கும் உறிஞ்சிய குழாய். நுனி மட்டும்தான் புதிது. உதட்டை இறுக்கச் சொல்லி நோயாளியிடம் கேட்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2003 வழிகாட்டுதலே சொல்கிறது.

இவை தவிர, ஈறின் ஓரத்தில் திணிக்கும் மருந்து தோய்த்த நூல் ஒன்று உண்டு. சில வகை நூல்களில் அட்ரினலின் இருக்கும் என்பதால் இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல் வெளுப்பாக்கும்போது ஈறைப் பாதுகாக்க ஒளி பட்டால் இறுகும் திரவத் தடுப்பு. பக்கத்துப் பல்லில் பிசின் ஒட்டாமல் இருக்க, பிளம்பர் குழாயில் சுற்றுகிறாரே, அதே வகை வெள்ளை டெஃப்லான் டேப். சிரிக்காதீர்கள், அருமையாக வேலை செய்யும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ரப்பர் டேம் போட்டால் நூறு வருடம் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தைவானின் மருத்துவக் காப்பீட்டுத் தரவில் இருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. ரூட் கெனால் முடிந்து சராசரியாக மூன்றரை வருடம் கழித்து, ரப்பர் டேம் போட்டவற்றில் 90.3 சதவிகிதப் பற்கள் பிடுங்கப்படாமல் இருந்தன. போடாதவற்றில் 88.8. வித்தியாசம் இருக்கிறது, மலையளவு இல்லை. டேம் போடும் டாக்டர் மற்ற வேலைகளையும் கவனமாகச் செய்பவராக இருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஃபில்லிங்கைப் பொறுத்தவரை, காக்ரேன் அமைப்பு 2016-லும் 2021-லும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பஞ்சைவிட ரப்பர் டேமில் தோல்வி குறையக்கூடும், ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்பதே முடிவு. ஃபில்லிங்கில் திறமையான கையும் நல்ல உதவியாளரும் இருந்தால் பஞ்சும் ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ரூட் கெனாலில் வாதம் ஆயுளோடு முடிவதில்லை. தொண்டைக்குள் ஊசியும் பிளீச்சும் போகாமல் தடுப்பது பற்றிய வாதம் அது. மாடியில் கைப்பிடிச் சுவர் வேண்டுமா என்று ஆய்வு நடத்தி முடிவெடுப்பதில்லையே.

இருந்தும், இந்தியா உட்படப் பல நாடுகளில் பொதுப் பல் மருத்துவர்கள் இதை வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை என்றே கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து சொல்கின்றன. கல்லூரியில் எல்லோரும் படித்ததுதான். ‘நேரம் ஆகும்’, ‘பேஷண்ட்டுக்குப் பிடிக்காது’, ‘செலவு’ என்பவை வழக்கமான காரணங்கள். பழகிய கைக்கு மாட்ட சில நிமிடம் போதும். ஷீட்டின் விலை ரூட் கெனால், கேப் பேக்கேஜில் ஒரு துளி. பேஷண்ட்டுக்குப் பிடிக்காது என்பது, அது எதற்கு என்று பேஷண்ட்டிடம் யாரும் சொல்லாதவரை உண்மைதான்.

போட முடியாத நேரமும் உண்டு

சளியால் மூக்கு அடைத்து, வாயால்தான் மூச்சு விடுகிறீர்கள் என்றால் டேம் போடுவது கஷ்டம். அவசரமில்லை என்றால் தேதியைத் தள்ளிவைக்கலாம். கடும் ஆஸ்துமா, மூடிய இடம் என்றாலே படபடப்பு போன்றவை இருந்தால் முதலிலேயே பேசிவிடுங்கள். பாதி முளைத்த ஞானப்பல்லில் கிளாம்ப் நிற்காது. ஈறு மட்டத்துக்கு உடைந்த பல் என்றால், முதலில் சுவரைக் கட்டியெழுப்பிவிட்டு அப்புறம் கிளாம்ப் மாட்டுவார்கள். சாதாரணமாக மூக்கால் மூச்சு விடுபவருக்கு எந்தத் திணறலும் இருக்காது. தண்ணீர் தொண்டையில் இறங்காததால் குமட்டல் குறைகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ‘டாக்டர், ரூட் கெனாலுக்கு ரப்பர் டேம் போடுவீங்களா?’ என்று கேட்டுவிடலாம். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. ‘உங்க பல்லுக்கு இந்தக் காரணத்தால கஷ்டம், அதுக்குப் பதிலா இப்படிச் செய்யறேன்’ என்று விளக்கினால் அது நல்ல பதில்தான். ‘அதெல்லாம் தேவையே இல்லைங்க’ என்று வந்தால், வேறொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் சாய்ந்த பிறகு உங்களால் பேச முடியாது என்பதால், அசௌகரியமாக இருந்தால் இடது கையைத் தூக்குவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் கிளாம்ப் பிடித்த ஈறு ஒன்றிரண்டு நாள் லேசாக வலிக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் சரியாகிவிடும். ஒரு வாரம் ஆகியும் இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு வீங்கியே இருந்தால், கிழிந்த ரப்பர் துணுக்கு உள்ளே மாட்டியிருக்கக்கூடும். குண்டூசி, பல்குச்சி எடுத்து நோண்டாமல் கிளினிக்குக்குப் போங்கள். எடுக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.